நீங்கள் இரண்டாக விடாத அடுப்பு

என் அருமை நைனா,

வழக்கு முடிந்துவிட்டது. நீங்கள் கட்டிய ராயபுரத்து வீடு இனி சித்தப்பாவுக்குத்தான். அம்மாவுக்குச் சோறும் துணியும் கொடுத்து, இருக்க ஓர் இடம் விட வேண்டுமாம். தீர்ப்பை நான்தான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னைப் படிக்க வைத்தீர்களே, அது இதற்குத்தான் உதவியது.

எழுதத் தெரிந்த மகளை வைத்துக்கொண்டு ஒரு உயில் எழுதாமல் போனீர்களே, நைனா! கேட்டபோதெல்லாம் சிரித்தீர்கள். "என் தம்பி என்னை மீறி இன்னா பண்ணிடுவான்?" என்றீர்கள். நீங்கள் இருக்கும்வரை அவர் ஒன்றும் பண்ணவில்லை, உண்மைதான்.

உங்களுக்குக் கொள்ளி வைத்ததும் அவர்தான். பதினாறாம் நாள் "நான் கீறேன் அண்ணி, பயப்படாதே" என்று அழுதார். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அடுத்த மாதமே வக்கீலைப் பார்த்துவிட்டார்.

தாத்தாவின் படகை விற்றுத்தானே மனை வாங்கினீர்கள்? அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஹார்பரில் நீங்கள் முதுகொடிய உழைத்துச் சுவர் எழுப்பியதெல்லாம் காற்றோடு போயிற்று. பாகம் பிரியாத குடும்பமாம். ஆண்பிள்ளை இல்லாமல் அண்ணன் செத்தால், வெள்ளைக்காரன் கோர்ட்டில் எல்லாம் தம்பிக்குத்தானாம்.

பிரியவில்லை என்பதற்குச் சாட்சி யார் தெரியுமா? அம்மா. "ரெண்டு வூட்டுக்கும் அடுப்பு ஒண்ணா, வேற வேறயா?" என்று சித்தப்பாவின் வக்கீல் நம் பாஷையிலேயே நயமாகக் கேட்டார். அம்மா தலை நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"ஒரே அடுப்புதான் சாமி. அவரு உசுரோட இருந்த வரைக்கும் ரெண்டாவது அடுப்பு வெக்க வுடல. கொழுந்தனாருக்குப் போட்டுட்டுதான் நான் துன்னுவேன்."

அந்த ஒரு அடுப்பிலேயே நம் வழக்கு எரிந்து போயிற்று. அவளோ, உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு கூண்டிலிருந்து இறங்கினாள். "கரெக்டா சொன்னேனா பாக்கியம்?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

"வூட்ல ரெண்டு அடுப்பு எரிஞ்சா ஊரே சிரிக்கும்மே" என்று அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! சின்னம்மா தனியாகச் சமைக்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு நீங்கள் சாப்பிடாமலே வேலைக்குப் போனீர்கள். அன்றே அவளைத் தனி அடுப்பு வைக்க விட்டிருந்தால், இன்றைக்கு அம்மாவுக்கு வீடு இருந்திருக்கும். உங்கள்மேல் எனக்குக் கோபம், நைனா. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுகிறேன்.

இன்னொன்றும் கேளுங்கள். தீர்ப்பு வந்த வாரமே சித்தப்பா பின்பக்கம் விறகு போட்டிருந்த கொட்டகையை ஒழித்தார். மூன்று கல் வைத்து மண் பூசினார். "அண்ணி, இனிமே நீ இங்கயே பொங்கிக்கோ. அவளுக்குத் தோதுப்படல" என்றார். நீங்கள் ஆயுசு முழுக்க வைக்க விடாத அடுப்பை ஒரே மத்தியானத்தில் வைத்துவிட்டார். ஊர் சிரிக்கவில்லை. ஒருவர்கூட வந்து எட்டிப்பார்க்கவில்லை.

திருவொற்றியூருக்கு என்னோடு வா என்றால் அம்மா வர மறுக்கிறாள். "அவரு கட்டின வூடு" என்கிறாள். கொட்டகையில் ஈர விறகுப் புகையிலேயே கிடக்கிறாள்.

போன வாரம் உயில் எழுதிவைக்க என் வீட்டுக்காரரைப் பத்திரம் எழுதுபவரிடம் இழுத்துப்போனேன். "இன்னாமே, என்ன இப்பவே பாடையில ஏத்தப் பாக்கறியா?" என்றார். "எழுதிட்டு நூறு வருஷம் இருய்யா" என்றேன். கைநாட்டு வைக்கும்வரை நகரவில்லை.

வருகிற மாசியில் உங்கள் திதி. முன்கட்டில் சித்தப்பா தடபுடலாகப் படைப்பார். நான் கொட்டகையில் அம்மாவின் அடுப்பில் உங்களுக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்து ஓர் இலை போடுவேன். வருஷா வருஷம் போடுவேன், இது சத்தியம். பழக்கத்தில் வாசல் வழியாக உள்ளே போய்விடாதீர்கள், நைனா. பின்பக்கமாக வாருங்கள். அம்மா அங்கேதான் இருக்கிறாள்.

உங்கள் ஒரே மகள், சட்டத்துக்குப் பிள்ளையாகத் தெரியாத
பாக்கியம்