வாசலில் சுண்ணாம்புக் குறி

அஹிஹிக்
ஆகஸ்ட் 6

அன்புள்ள எவுலாலியா,

இல்லை, நாய் வாங்கவில்லை. எல்லோரும் வாங்கச் சொல்கிறார்கள். நாய் வந்தால் அதற்குப் பெயர் வைக்க வேண்டும், அதனோடு பேச வேண்டும். இன்னும் அந்த அளவுக்கு நான் தேறவில்லை.

என்னைப் பற்றி நீ விசாரித்ததாக உங்கள் ஊர்ப் பேருந்து ஓட்டுநர் சொன்னார். ஐந்து மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி அதுதான்.

நாயைத் தவிர மற்றதெல்லாம் வாங்கிவிட்டேன். மதில்மேல் மின்கம்பி ஐந்து வரிசை இருந்தது, எட்டாகிவிட்டது. ஜன்னல் கம்பிகளுக்கு உள்ளே இன்னொரு கம்பி. நான்கு கேமராக்கள். தாழ்வாரச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அங்கே ஆள் அசைந்தால் என் கைப்பேசி மணியடிக்கும்.

ஏன் இவ்வளவு என்று கேட்பாய். வெண்டல் இறந்த அன்றோடு நீ வேலையை விட்டுப் போனாயே, அதற்குப் பிறகு நடந்தது இது. மறுநாள் காலை, வெளிக்கதவுக்கு முன்னால் தரையில் சுண்ணாம்பால் ஒரு குறி. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள். படம் எடுத்து, எங்கள் வெளிநாட்டார் சங்கத்தின் செயலாளர் பெவர்லிக்கு அனுப்பினேன். "திருடங்க வீட்டைக் குறிச்சு வைக்கிறது இப்படித்தான் டோரீன். உள்ள தனியா பொம்பளை இருக்கான்னு அர்த்தம்," என்றாள். ப்ளீச் ஊற்றித் தேய்த்தேன். மறுநாள் அதே இடத்தில் அதே குறி. ஒன்பது காலைகள் தேய்த்தேன். பத்தாம் நாள் இல்லை. இல்லாமல் போனதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அந்த வெள்ளைப் பெட்டி தினமும் காலை ஒன்பது இருபதுக்கு அடிக்கிறது. ஓடிப்போய்ப் பார்ப்பேன். நாற்காலி, எலுமிச்சைத் தொட்டி, வெயில். பெட்டியை மாட்டியவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பல்லிம்மா," என்றான். "தினமும் ஒரே நேரத்துக்கா?" என்றேன். "உங்க ஊரு ஆளுங்களோட பழகி நேரம் பார்க்கக் கத்துக்கிச்சு போல," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

வெண்டல் முதல்நாள் பூட்டை மாற்றாமல் இருந்திருந்தால். இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நான் கண் மருத்துவரிடம் குவாதலஹாரா நகரத்துக்குப் போயிருந்தேன். அவர் உள்ளே தாழ்வாரத்தில் விழுந்து கிடந்தார். நீ உன் பழைய சாவியோடு வெளியே நின்றாய். தீயணைப்புக்காரர்கள் கதவை வெட்டித் திறந்தபோது மணி பத்தே முக்கால்.

திரும்பி வா. ஒன்பது வருடம் இந்த வீட்டில் இருந்தவள் நீ. அந்தத் தாழ்வாரத்தில் உன் துடைப்பச் சத்தம் கேட்டால் போதும்.

அன்புடன்,
டோரீன்


சோயாட்லான்
ஆகஸ்ட் 19

மதிப்புக்குரிய டோரீன் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நானும் அக்காவும் நலம். அக்காவுக்கு மட்டும் முழங்கால் வலி. உங்கள் உறையைப் பார்த்ததும், "வெள்ளைக்காரம்மா கடுதாசியா? இந்தத் தடவ எந்தப் பூட்டாம்?" என்றாள். அவள் வாய் அப்படி. மனதில் வைக்காதீர்கள்.

நான் ராஸ்ப்பெர்ரி பறிக்கப் போகிறேன். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வேலை. பத்து மணிக்கே உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். வீட்டு வேலை கிடைத்தால் வருவேன். உங்கள் ஏரிக்கரை ஊரில் யாரும் என்னைச் சேர்ப்பதில்லை. நம்பகமான வேலைக்காரர்கள் என்று பெவர்லி அம்மா ஒரு பட்டியல் வைத்திருக்கிறாரே, அதில் என் பெயரை அடித்துவிட்டார். நேரில் போய்க் கேட்டேன். "சாவி வச்சிருந்தவ நீ. மறுநாளே வாசல்ல குறி. நாங்க என்ன நினைக்கிறது?" என்றார். பேருந்து ஏறி வந்துவிட்டேன்.

அந்தக் குறியை வைத்தது நான்தான்.

திருட்டுக் குறி இல்லை அம்மா. சிலுவை. ஒருவர் உயிர் போன இடத்தில் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போடுவோம். ஒன்பது நாள் அதைச் சுற்றி ஜெபமாலை சொல்வோம். ஒன்பதாம் நாள் அந்தச் சுண்ணாம்பைக் கூட்டி அள்ளிக் கல்லறைக்குக் கொண்டுபோவோம். அப்போதுதான் போனவர் வீட்டை விட்டுப் போவார். நீங்கள் ஐயாவை இரண்டே நாளில் எரித்துவிட்டீர்கள். கதவைப் புதிதாகப் போட்டுப் பூட்டிவிட்டீர்கள். உள்ளே வந்து சிலுவை போடுகிறேன் என்று நான் எப்படிக் கேட்பது? அவர் விழுந்த இடத்துக்கு வெளியிலிருந்து கிட்டே இருப்பது வாசல்தான். அதனால் அங்கே போட்டேன். காலையில் வந்தால் கழுவியிருக்கும். மறுபடி போடுவேன். ஜெபமாலையை எதிர்வீட்டு சாயோவின் அடுப்படியில் சொன்னோம். ஆறு பேர்.

ஒன்பதாம் நாள் கூட்டி அள்ள ஒன்றுமில்லை. ப்ளீச் வாடைதான் இருந்தது.

பல்லி இல்லை அம்மா. எட்டு வரிசைக் கம்பி போட்டால் அவர் எப்படி வெளியே போவார்?

மரியாதையுடன்,
எவுலாலியா


அஹிஹிக்
செப்டம்பர் 3

அன்புள்ள எவுலாலியா,

உன் கடிதத்தைத் தாழ்வாரத்தில் வைத்துப் படித்தேன். பிறகு அங்கே உட்கார முடியவில்லை.

ஒன்பது காலைகள். என் கையால். முட்டி போட்டுத் தேய்த்தேன். பற்களைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து சாயோ என்னைப் பார்த்திருப்பாள். என்ன நினைத்திருப்பாள். நான் கையசைத்துக்கூட இருக்கிறேன்.

பல வருடங்களாக இந்த ஊரில் இருக்கிறோம். சங்கத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது எல்லாம் எதைச் சந்தேகிப்பது என்பதுதான். அதற்கென்று கூட்டம் போடுவோம், கேக் வெட்டுவோம். சுண்ணாம்பைப் பற்றி யாராவது தெருவில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

பட்டியல் விஷயமாகப் பெவர்லியிடம் பேசுகிறேன். இந்த வாரம் அவளுக்கு உடம்பு சரியில்லை. அடுத்த வாரம் பேசுகிறேன்.

இரவில் தூங்கிவிடுகிறேன். பகல்தான் முடியவில்லை. ஒன்பது இருபது ஆகும்வரை ஒரு வேலையும் ஓடுவதில்லை. ஆன பிறகும் ஓடுவதில்லை. நேற்று பெட்டியின் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். ஒன்பது இருபதுக்குக் கைப்பேசி அடிக்கவில்லை. ஆனாலும் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன்.

எவுலாலியா, ஒன்று கேட்கிறேன். அன்றைக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. கதவு இரும்புத் தகடு. அவர் அதிலிருந்து நாலடி தள்ளிக் கிடந்தார் என்கிறார்கள். நீ ஒன்றரை மணி நேரம் அங்கே நின்றாய். அவர் பேசினாரா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

டோரீன்


சோயாட்லான்
செப்டம்பர் 22

டோரீன் அம்மாவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று அக்காவைக் கேட்டேன். "கேட்டவளுக்குக் குடு. தூக்கிச் சுமக்கட்டும்," என்றாள்.

ஒன்பது மணிக்கு வந்தேன். சாவி நுழையவில்லை. துடைத்துப் பார்த்தேன், எண்ணெய் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது இருபது இருக்கும், உள்ளே ஏதோ விழுந்த சத்தம். "ஐயா" என்று கூப்பிட்டேன்.

"லாலாவா?" என்றார். அவர் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். "நெஞ்சு பிடிச்சிருச்சு. உள்ள வா."

"சாவி போக மாட்டேங்குது ஐயா."

"கொஞ்சம் தூக்கித் திருப்பு. இது பிடிவாதக் கழுதைன்னு உனக்குத் தெரியாதா?"

"தூக்கித்தான் பார்க்கிறேன். நுழையவே இல்ல."

"பெரிய சாவிய வச்சுக்கிட்டு நிக்கிறியா? சின்னதப் போடு. பதறாத. நான் எங்கயும் ஓடிப்போயிடல."

சாயோவின் மருமகன் மதிலில் ஏறினான். கம்பி அவனைத் தூக்கிக் கீழே எறிந்தது. கை ஒடிந்தது. தீயணைப்புக்கு ஆள் போனது. நான் கதவிலேயே நின்றேன். அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தூக்கித் திருப்பு. இடது பக்கம். தூக்கித் திருப்பு. குரல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், "டோரீன் வந்தா அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒரே தடவையில திறக்கும்," என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது பழைய பூட்டுக்கான வழி, அம்மா. பூட்டை மாற்றியவர் அதைச் சொல்வாரா?

அன்று சாயங்காலம் நீங்கள் போலீஸ்காரரிடம், "என் கணவர்தான் நேத்து பூட்டை மாத்தினார்," என்று சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். மறுக்கவில்லை. செத்தவர் மேல் போட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், உயிரோடு இருப்பவருக்கு அது தேவைப்படுகிறது என்று நினைத்தேன். பிறகு, என்னை நம்பாமல்தான் ஐயா பூட்டை மாற்றினார் என்று ஆகி, அது என்மேல் வந்து விழுந்தது. அப்போதும் மறுக்கவில்லை. நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் உங்களை எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பெவர்லி அம்மாவுக்குத்தான் தெரியாது.

எவுலாலியா


அக்டோபர் 1

எவுலாலியா,

நான்தான்.

எங்கள் தெருவில் திருட்டு நடந்த வாரம், சங்கத்தில் ஒருவர் பேசினார். சாவி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமல் பூட்டை மாற்றுங்கள், வீட்டு ஆட்களிடம்கூடச் சொல்லாதீர்கள் என்றார். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். வெண்டலிடம் சொன்னால், "லாலாவுக்குத் தெரியாமலா? வெட்கமா இல்ல உனக்கு?" என்று கேட்டிருப்பார். அதனால் வியாழக்கிழமை அவர் சீட்டாடப் போன நேரத்தில் ஆளை வரச்சொல்லி மாற்றினேன். அவர் வந்தபோது நானே கதவைத் திறந்துவிட்டேன். வெள்ளி சாயங்காலம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். புதுச் சாவிகள் மூன்று. மூன்றும் என் கைப்பையில் இருந்தன. காலையில் அவர் தூங்கும்போது வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதுகாப்பாக இருப்பார் என்று.

உன்மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததா என்று பல நாள் யோசித்தேன். இருந்தது. காரணம் எதுவும் இல்லை. உன்னிடம் சாவி இருந்தது, அவ்வளவுதான்.

ஒரே தடவையில் திறப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

இன்று காலை பதினொரு மணிக்குச் சங்கத்துக்குப் போனேன். பெவர்லியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். பூட்டு, சாவி, சுண்ணாம்பு, எல்லாம். பெவர்லி என் கையைப் பிடித்தாள். "டோரீன், உன்னை யாரு குத்தம் சொன்னா? இதெல்லாம் எழுத்துல எதுக்கு? காபி குடி." எழுத்தில்தான் வேண்டும் என்றேன். தாள் கேட்டேன். கொடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. நான் எழுதியதை என் கண்முன்னால் அறிவிப்புப் பலகையில் குத்தச் சொன்னேன். குத்தினாள். பட்டியலில் உன் பெயரைத் திரும்ப எழுதினாள். அதற்காக நீ இங்கே வேலைக்கு வர வேண்டும் என்று இல்லை. யாரோ ஒருவர் பின்னால் மெதுவாக, "இவ இனிமே இங்க எப்படி இருப்பா?" என்றார். போலீஸிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். நாளைக்குப் போகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. எழுதுகிறேனோ என்னவோ. அப்படித் தெரிந்தால் படிக்காமல் போடு.

சங்கத்திலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து ஏறி, ஹோகோடெபெக் நிலையத்தில் இறங்கி உங்கள் ஊருக்கு டிக்கெட் வாங்கினேன். வண்டி வந்தது. ஓட்டுநர், "ஏறுங்கம்மா, இடமிருக்கு," என்றார். உன் வாசலில் வந்து நின்று உன்னைக் கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று அப்போதுதான் தோன்றியது. ஏறவில்லை. அடுத்த வண்டி நாலரைக்கு. கடையில் ஒரு தாள் வாங்கி, நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதினேன். அந்த வண்டி ஓட்டுநரிடம் இதை உனக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

டோரீன்