சிவப்புச் சலாகை

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று கணினியில், பைதன் என்ற நிரல் மொழியில் என் முதல் வரைபைக் கீறினேன். துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் விபரத்தை போன மாதம் எங்கள் அலுவலகத்தில் யார் எவ்வளவு பதிந்தார்கள் என்று ஆளுக்கொரு சலாகையாக மனேஜர் கேட்டிருந்தார். பைதனை எனக்குச் சொல்லித் தந்தவள் பக்கத்துக் கதிரை ரபீக்கா. கிண்ணியாவிலிருந்து வருபவள்.

சலாகைகள் திரையில் எழும்பி நின்றபோது கை தட்டினேன். நிறம் மாற்றவும் பழகியிருந்தேன். ஆகக் கட்டையானதைச் சிவப்பாக்கினேன். அது ரபீக்காவுடையது என்று தெரிந்துதான் செய்தேன். பார்க்க வடிவாக இருந்தது.

கூட்டத்தில் மனேஜர் அதைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்.

"இந்தச் சிவப்பு ஆர்?"

எல்லாரும் சிரித்தார்கள். ரபீக்கா எழும்பினாள்.

"போன மாதம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தனான் சேர்."

"என்ன வருத்தம்?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கதை அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் குனிந்துகொண்டேன்.

"பிள்ளை கலைஞ்சு போச்சு சேர்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? கிராஃப் பொய் சொல்லாது," என்றார் மனேஜர்.

அடுத்த மாதத்திலிருந்து அவள் வரத் தேவையில்லையாம். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு மனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"நல்லாச் செய்திருக்கிறீங்கள் பிள்ளை. மற்றப் பிரிவுகளுக்கும் இப்பிடிக் கீறித் தர ஏலுமோ?"

"ஓம் சேர்," என்றேன். அவர் கேட்டு முடிக்க முன்னமே சொல்லிவிட்டேன்.