பங்களா ரோட்டில் மடக்கிய குடை

என் அன்பான அம்மாவுக்கு,

உன் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஹட்டனில் கொடுத்துக் கம்பியை மாற்றினேன், துணி அதேதான். அந்தக் குடையால்தான் இன்று உனக்கு எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தால் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம் ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போனார், அவருடைய பங்களாவுக்கு உள்ளூர்த் துரை வந்தார். துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, ரோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி நிற்கிற வழக்கம் மட்டும் எங்கேயும் போகவில்லை. நீதான் ஒருநாள் கொட்டும் மழையில் குடையை விரித்தபடியே நடந்தாய்.

"ஏய், தொர வாராரு, குடைய மடக்கு!" என்று கங்காணி கத்தினார்.

"தோட்டம் இனி நம்ம அரசாங்கத்தோடதுன்னு நீங்கதானே காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல சொன்னீங்க? அப்புறம் எதுக்குங்க மடக்கணும்?" என்றாய்.

அதற்காகவே அட்டைக் கடி மிகுந்த மேல்மலைக்கு உன்னைக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். நீ கடைசிவரை மடக்கவில்லை.

இப்போது தோட்டப் பள்ளிக்கூடமும் அரசாங்கத்துடையது. நான் அங்கே மாஸ்டர். எல்லாரும் ஒரே சட்டத்துக்குக் கீழே என்று நன்றாகத்தான் பாடம் நடத்துகிறேன்.

நேற்று மழையில் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு பங்களா ரோட்டில் வந்தேன். வளைவில் ஒரு வேன் நின்றது. இறங்கியது நம் பழைய வெள்ளைக்காரத் துரை, கையில் ஊன்றுகோல். தான் இருந்த பங்களாவை மனைவிக்குக் காட்ட வந்திருக்கிறார். இங்கே ஒரு செடியைப் பிடுங்கச் சொல்லக்கூட அவருக்கு இப்போது அதிகாரம் இல்லை அம்மா. அப்படியும் என் கை உன் குடையை மடக்கிவிட்டது. கால் கானுக்குள் இறங்கிவிட்டது.

"ஏன் நனையுது?" என்று கேட்டார், அதே துரைத் தமிழில். அவருக்கு அந்த வழக்கமே மறந்துபோயிருந்தது.

"சும்மாதாங்க தொர" என்றேன். தொர! யார் என்னை அப்படிச் சொல்லச் சொன்னது?

திரும்பிப் பார்த்தால், பிள்ளைகள் எல்லாரும் குடைகளை மடக்கி, தலையில் கவிழ்த்திருந்த உரப்பைகளையும் எடுத்துவிட்டு, என் பின்னால் கானுக்குள் நிற்கிறார்கள். அந்தத் துரையை அவர்கள் பார்த்ததே இல்லை. வேன் போன பிறகு ஒரு சின்னப் பெண் கேட்டாள்:

"இப்ப விரிக்கலாங்களா சேர்?"

வெட்கம் பிடுங்கித் தின்கிறது அம்மா. அத்தனை அட்டைக் கடியும் வாங்கி நீ எங்கள் தலைமுறையோடு முடித்துவைத்த வழக்கத்தை, நான் ஒரு நிமிஷத்தில் இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டேன். சட்டம் எழுதினவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். என் கையை யார் வந்து மாற்றுவார்கள்?

நாளைக்கு முதல் பாடம் உன்னைப் பற்றியதுதான். நான் கானுக்குள் இறங்கியது தப்பு என்று அவர்கள் முன்னால் சொல்வேன். பிறகு எல்லாரையும் பங்களா வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போவேன். எதிரே எவர் வந்தாலும் சரி, உன் குடை விரிந்தே இருக்கும்.

இன்னும் ஈரம் காயாத
உன் சின்ன மகன்