கோதண்டராமன் திருந்திய மாதம்

5-2-1934, ஆம்பூர்
தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை முடிந்து, வழக்கம்போல வாசகசாலை ஜன்னலுக்கு வெளியே நின்று பத்திரிகை படித்தேன். உள்ளே மூன்று பெஞ்சு காலி. தலைவர் கோதண்டராமன் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் நிக்கிற? உள்ள வந்து உக்காரு." நான்கு வருஷமாக "தள்ளி நில்லு" என்ற அதே வாய். உள்ளே உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்டு நான் எழுதிய பதினொரு மனுக்களும் வீண்போகவில்லை.

9-2
மறுபடி உட்காரச் சொன்னார். பெயர் கேட்டார். ஒரு பக்கம் படிப்பதற்குள் மறுபடி கேட்டார். பெரிய மனுஷர்களுக்கு நம் பெயர் எப்போது மனதில் நின்றிருக்கிறது?

14-2
அம்மாவிடம் பெருமையடித்தேன். அவள் அவர் வீட்டுப் பின்சந்தில் சாணி அள்ளுகிறவள்.
"திருந்தலடா, சீக்கு. நேத்து வாளின்னு நெனச்சி கொடைய கெணத்துல விட்டாரு. சாப்ட்டியான்னு என்னையே மூணு வாட்டி கேட்டாரு."
சண்டை போட்டேன். ஒருவன் நம்மை மதித்தால் அது நோயா?
"மூணு வாட்டிடா" என்றாள்.

20-2
மூக்குக்கண்ணாடியை அரிசிப் பானைக்குள் வைத்தாராம். செத்துப்போன மனைவியைக் காப்பி கேட்டாராம். வயசு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். தோல் ஷாப்பு ஆளைப் பெஞ்சில் உட்கார வைத்தார் என்று கேள்விப்பட்டதும் மகள் ரங்கம்மாள் வைத்தியருக்கு ஆள் அனுப்பினாளாம். பின்சந்தில் அம்மா காதில் விழுந்தது.
வயிறு எரிகிறது. அம்மா சொன்னது சரி என்பதில் இன்னும் கொஞ்சம்.

27-2
வாசகசாலை பூட்டிய பிறகும் படியிலேயே நின்றார். "எந்தப் பக்கம் போவணும்?" கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். எது வீடு? அவருக்கு மறந்துவிட்டது. என்னை அந்தத் தெருவுக்குள் விட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அம்மா சொன்ன பின்பக்கக் கிணறு. பின்சந்து வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.
ரங்கம்மாளுக்குக் கோபம். "இன்னாப்பா இது, எங்கப்பாவ பின்பக்கமாவா இட்டுக்கினு வர்றது? பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க?"
"எங்களுக்கு இந்த வழிதான் தெரியும்மா."
அப்பாவின் கையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு முன்வாசலுக்கே வா" என்றாள்.

6-3
தினமும் நான்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். இன்றும் பெயர் கேட்டார். சொன்னேன். அவர் வீட்டு முன்வாசலில், "ஏன் நிக்கிற? உள்ள வா" என்றார். நுழைந்தேன். அவர் மட்டும் நிலைப்படிக்கு வெளியே தயங்கி நின்றார்.
"தம்பி, இது யார் வீடு?"