ஆம்பல் கூம்பிய நேரம்

அக்கா,

இன்று காலை என் வீட்டு முற்றத்தில் சேற்று மணம் எழுந்தது. மழையின் மணமன்று. குளத்து வண்டலை நீருக்கடியில் நெடுநாள் வைத்திருந்தால் வருமே, அந்த மணம். வாயிற்படிக்கு வலப்புறம், வெயில் விழும் இடத்தில், பாதியாய் அறுத்த நீல நெகிழிப் பீப்பாய் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஏதோ ஒரு சாயப்பட்டறைக்கு எதையோ சுமந்து வந்து, உன் கையால் பலமுறை கழுவப்பட்டு, உன் மொட்டைமாடியில் அல்லித் தொட்டியாய் வாழ்ந்த பீப்பாய். உன் படத்திறப்பு முடிந்த மறுவாரம் உன் மகன் கொண்டுவந்து இறக்கினான்.

"அம்மா இத படிக்கட்டுக்குக் கீழயே வெச்சிருந்தாங்க மாமா. வெயிலு படாம அது பூக்கவே இல்லீங்க. உங்கூட்டு வாசல்ல வெயிலு நல்லா அடிக்குதுங்களே, அதான்."

சொல்லும்போது தொட்டியைத்தான் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை.

நேற்று மாலை, விளக்கு வைக்கும் வேளையில், அதில் ஒரு வெள்ளாம்பல் மலர்ந்தது. இன்று காலை முழுவதும் அதனெதிரே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். அங்கே கண்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்குமுன் பழையவற்றைச் சொல்லியாக வேண்டும். நீ அறியாதது எதுவும் அதில் இல்லை. நம் உற்றார் அனைவரும் அறிந்து, சிரித்து, மறந்தும்விட்ட ஒன்று அது. நான் ஒருவன்தான் அதை இன்னும் கடக்கவில்லை.

உன் அனுப்பர்பாளையத்து வீட்டில் கீழ்த்தளம் மச்சானும் மகனும் நடத்திய தையற்கூடம். நடுத்தளத்தில் நீங்கள் குடியிருந்தீர்கள். அதற்குமேல் இருந்த மொட்டைமாடி உன்னுடையது. தெருவெல்லாம் பித்தளை தட்டும் ஓசையும் கீழே பொறிகளின் இரைச்சலும் இருக்க, மேலே மட்டும் நீர்த்தொட்டிகள் அமைதியாய் நிற்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் சாயக்கழிவின் உப்பேறி அல்லிக்கு ஆகாதென்று, குடிநீர்க் குழாயில் அரிதாய் வரும் நீரைக் குடங்குடமாய்ச் சுமந்து மேலேற்றினாய்.

"இந்தத் தண்ணிய மாட்டுக்குக் காட்டுனாலும் பாலு கறக்கலாம். பூவுக்கு ஊத்தி என்னத்தக் கறக்கற?" என்பார் மச்சான்.

"பாக்கறதுக்கு வெச்சிருக்கறனுங்க. உங்களையும் அதுக்குத்தான வெச்சிருக்கறன்" என்பாய். அவர் படியிறங்கிவிடுவார்.

அத்தொட்டிகளில் உன் பெருமை மஞ்சள் அல்லி. தாய்லாந்து நாட்டு வகையென்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்த கிழங்கு. காலையில் வெயில் ஏறியபின் விரிந்து பிற்பகல்வரை நிற்கும். அதைக் கண்ட அன்றே, ஊரூராய்ப் போய் மேடைகளில் தமிழ் முழங்கும் நான், என் மேடைக்குரலை எடுத்தேன். "ஆம்பல் பிறந்த மண்ணில் வேற்றுநாட்டு மலரையா வளர்க்கிறாய்?" என்றேன்.

"பூவுக்குப் பாஸ்போர்ட்டு கேக்கறயா தம்பி?" என்று சிரித்தாய். ஆயினும் அடுத்த ஞாயிறு ஊத்துக்குளிச் சாலையோரக் குளத்துக்கு என்னை அழைத்துப்போனாய். கரையில் நின்று பழம்பாடல்களில் ஆம்பல் பெற்ற இடத்தை நான் விரித்துரைக்க, நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிக் கிழங்கு தேடினாய். நடுவில் உன் குரல் வந்தது. "கண்ணு, பேசுனது போதும், கையக் குடு. காலு மாட்டிக்கிச்சு."

அந்த வெள்ளாம்பல் கிழங்கு உன் தொட்டியில் தழைத்தது. நான் வரும் மாலைகளில் எல்லாம், "உன்ற தமிழ்ப்பூவு முழிச்சுக்கிச்சு, வந்து பாரு" என்பாய். ஒருமுறை அது விரிவதைப் பார்த்திருக்கிறேன். மூடுவதைப் பார்த்ததில்லை. அதற்குள் ஏதேனும் ஊருக்குப் பேசப் போயிருப்பேன்.

ஏற்றுமதி ஆணைகள் குவிந்த ஆண்டுகள் அவை. ஊரில் மாடிக்கு மாடி இரும்புத்தகட்டுக் கூரை ஏறியது. உன் மகனும் கேட்டான். "மேல தகரச் சீட்டுப் போட்டா இருவது மிசினு போடலாமுங்கம்மா. ஆர்டர வெச்சுக்கிட்டு எடமில்லாம நிக்கறமுங்க." அவனைக் குறைசொல்ல இயலாது. நீயும் சொல்லவில்லை. தோட்ட ஆர்வலர் மன்றம் மலர்க்கண்காட்சி அறிவித்தபோது மட்டும் அவனிடம் ஒன்று கேட்டாய். அல்லிக்கு முதற்பரிசு வாங்கிவந்தால் மாடியைத் தொடக்கூடாது.

"வாங்கீட்டு வாங்க, தொடலீங்க. வாங்காட்டி?"

"வாங்காட்டி நானே தொட்டியெல்லாம் எறக்கித் தர்றன் சாமி."

விளையாட்டுப் பேச்சாய்த்தான் தொடங்கியது. ஆனால் அன்றுமுதல் நீ தொட்டிகளைப் பார்த்த பார்வை விளையாட்டாய் இல்லை.

மஞ்சளைத்தான் கொண்டுபோவதாய் இருந்தாய். தொடக்கவுரை ஆற்ற மன்றத்தார் அழைத்திருந்தது என்னை. "நான் மேடையில் ஆம்பலைப் பற்றி முழங்குவேன், என் உடன்பிறந்தாள் மேசையில் தாய்லாந்து மலரா? ஊர் நகையாதா?" என்றேன்.

தொட்டியிலிருந்து பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி எடுத்தாய். பிறகு சொன்னாய். "அது ராத்திரிப் பூவு கண்ணு. காலைல ஒம்பது மணிக்கு மேல மூட ஆரம்பிச்சிரும்."

"நடுவர்கள் ஒன்பதுக்கே வருகிறார்கள். என் உரை கால்மணி நேரம்."

"கால்மணி நேரமா? நீயா?"

"என் சொல்லை நம்பக்கா."

நம்பினாய்.

அந்தக் காலை எனக்குத் துலக்கமாய் நினைவிருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிப் புளிபோட்டுத் துலக்கிய அகன்ற பித்தளை அண்டா. அதில் இருகை சேர்த்து விரித்த அளவில் ஒரு வெள்ளாம்பல். தொழிலாளரை ஏற்றிவரும் சிற்றுந்தில் அதை முழங்கால்களுக்கிடையில் அணைத்தபடி வந்தாய். திருமண மண்டபத்தின் இருண்ட மூலையைக் கேட்டு வாங்கி, சன்னலை ஈரச்சாக்கால் மறைத்தாய். அடுத்த மேசையில் ஏற்றுமதியாளர் ஒருவரின் மனைவி வைத்திருந்ததும் உன்னிடமிருந்த அதே மஞ்சள் வகைதான். அது இன்னும் மொட்டாய் நின்றது.

"அது இன்னும் முழிக்கல, என்ற பூவு தூங்கப்போவுது. நடுவுல உன்ற பேச்சு" என்று என் தோளைத் தட்டி மேடைக்கு அனுப்பினாய்.

கால்மணி நேரம் ஒழுங்காய்த்தான் போயிற்று. அதன்பின், "உலகுக்கெல்லாம் ஆடை தைக்கும் ஊரே, உன் குளத்து மலரை நீ மறந்ததென்ன?" என்று கேட்டேன். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அக்கா, கைதட்டல் எனக்கு என்ன செய்யும் என்பது உனக்குத் தெரியும். வேற்றுநாட்டு மலர்களை ஒரு பிடி பிடித்தேன். மறுபடியும் தட்டினார்கள்.

மூலையில் அண்டாவின் அருகே நீ எழுந்து நின்றாய். வலக்கையில் ஈரத்துணி இருந்தது. இடக்கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்து, மெல்ல மெல்லக் கூட்டிக் காட்டினாய். நான் பார்த்தேன். அதன் பொருளும் எனக்கு ஐயமின்றி விளங்கிற்று. இந்த ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு இறங்குவோம் என்று எண்ணினேன். அந்தக் கருத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. சற்று நேரத்தில் மீண்டும் உன் கை உயர்ந்தது. மூன்றாம் முறையும் உயர்ந்தது. உன்னருகே நின்ற உன் மகன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாப்ள கையில மைக்கக் குடுத்தா கரண்டு போனாத்தானுங்க நிக்கும்" என்று மச்சான் சொல்ல, சுற்றியிருந்தோர் சிரித்தார்களாம். நாள்தோறும் அந்நேரத்தில் நிற்கும் மின்சாரம் அன்றைக்கென்று நிற்கவில்லை.

நான் இறங்கியபோது மணி பத்தரை. என் உரைக்காகக் காத்திருந்த நடுவர் அம்மையார் பிறகுதான் மேசைமேசையாய் வந்தார்.

"இது மொட்டுங்களாம்மா?"

"இல்லீங்க. பூத்து முடிஞ்சிருச்சுங்க."

"அடடா. எப்பங்க?"

"என்ற தம்பி பேசிட்டிருக்கறப்பங்க."

குத்தலாய்ச் சொல்லவில்லை நீ. கேட்டதற்கு விடை சொன்னாய், அவ்வளவே. விரிந்த மலருக்குத்தான் மதிப்பெண் இடமுடியும் என்று அவர் வருந்தி நகர்ந்தார். அடுத்த மேசையில் மஞ்சள் அல்லி தளதளவென்று விரிந்து நின்றது. நான் எதை வசைபாடினேனோ, அந்த மலருக்கு விழித்தெழ வேண்டிய நேரத்தை என் வசையே ஈட்டித் தந்திருந்தது. முதற்பரிசுக் கோப்பையைச் சிறப்பு விருந்தினர் கையால் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். "உங்க பேச்சு ரொம்ப அருமைங்கய்யா" என்றார் அந்த அம்மையார். அவர் உள்ளன்போடுதான் சொன்னார். நீ அண்டாவின்மேல் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டிருந்தாய்.

 திரும்பும் வழியில் நீதான் பேச்சைத் தொடங்கினாய். "விடு சாமி. பூவுக்கே உன்ற பேச்சக் கேட்டுத் தூக்கம் வந்திருச்சு." எல்லோரும் சிரித்தார்கள். சிற்றுந்து ஓட்டியவரும் சிரித்தார். எனக்காகத்தான் அந்த நகைச்சுவை. அதை விளங்கிக்கொண்டு, அந்த இரக்கத்தையும் வாங்கிக்கொண்டு, நானும் சிரித்தேன்.

அதைவிட என்னை நாணவைப்பது பிறகு நடந்தது. கூரைக்கு அளவெடுக்க ஆள் வந்த நாளில் நான் உன் வீட்டில் இருந்தேன். உன் மகன் என்னிடம் கேட்டான். "நீங்க என்னங்க மாமா சொல்றீங்க? போடட்டுங்களா, வேண்டாங்களா?" அவன் குரல் தளர்ந்திருந்தது. வேண்டாம் என்று யாரேனும் சொல்லட்டும் என்பதுபோல் நின்றான். ஒரு சொல் போதும். 'தோற்றது அக்காவின் பூவன்று, என் நாக்கு' என்று சொல்லியிருந்தால் அவன் மாடியை விட்டிருப்பான். நீ என்னைப் பார்க்காமல் தண்ணீர்க் குடத்தின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பெருமாநல்லூரில் கூட்டமிருக்கிறதென்று சொல்லிக் கிளம்பினேன். கூட்டம் மறுநாள்தான்.

தொட்டிகளை நீயே இறக்கினாயாம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, வெள்ளாம்பலை மட்டும் படிக்கட்டின் கீழே வைத்துக்கொண்டாய். "இங்கே வெயிலே வராதே அக்கா" என்றேன் ஒருநாள். "பூக்காட்டிப் போவுது. உசுரு இருந்தாச் செரி" என்றாய்.

ஆணைகள் வற்றிய ஆண்டும் வந்தது. மேலே போட்ட பொறிகளை உன் மகன் வந்த விலைக்குத் தள்ளினான். இன்று அந்தக் கூரையின்கீழ் பனியன் கழிவு மூட்டைகள் கிடக்கின்றன. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. தொட்டியைக் கொண்டுவந்து இறக்கியதே அவன் சொல்லிய முறை.

அதன்பிறகும் என் கூட்டங்களுக்கு நீ வந்தாய். முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் அமர்ந்தாய். எவ்வளவு நேரம் நான் பேசினாலும் கையை உயர்த்தவில்லை. முந்தானைக்குள் வைத்திருந்தாய். உன் படத்திறப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். வழக்கம்போல் பேசினேன், வழக்கம்போல் அழவைத்தேன். ஆம்பலைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உன் மகன் கடைசிவரை நின்றே கேட்டான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நின்றான் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை ஊத்துக்குளியில் ஒரு விழா. எட்டரை மணிக்கே கைப்பேசி அழைத்தது. "ஐயா, சனமெல்லாம் வந்திருச்சுங்க. எங்க வந்துட்டிருக்கறீங்க?" வேறொருவரைப் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு மலரின் எதிரே அமர்ந்தேன்.

ஆம்பல் கூம்பும் என்று நான் மேடைதோறும் சொல்லியிருக்கிறேன். சொல்ல ஒரு நொடி போதும். மலருக்கு அது போதவில்லை, அக்கா. உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை எதுவும் அசைவதாகவே தெரிவதில்லை. தெருவில் ஒரு வண்டி போக, திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டால், வெளியிதழ் ஒன்று நீரைவிட்டு எழுந்திருக்கிறது. கதவு தட்டும் ஓசைக்குத் திரும்பி மீண்டால் இன்னொன்று. இப்போது நிறுத்தினாலும் போதும், இன்னும் பாதி விரிந்துதான் இருக்கிறது என்று எண்ண இடம்கொடுத்து எண்ண இடம்கொடுத்து மூடுகிறது. அது முற்றாய்க் கூம்பியபோது மணி பத்தரை.

அன்று என் உரை எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் நீ இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை ஒருமுறை பார்ப்பாய், திரும்பினால் ஓர் இதழ் எழுந்திருக்கும். மீண்டும் என்னைப் பார்ப்பாய். உன் கை உயர்ந்த மூன்று முறையும் மலர் மீட்கத்தக்கதாகவே இருந்திருக்கிறது.

இரண்டாம் நாளும் இம்மலர் விரியுமென்று நீ சொல்வாய். மாலையில் உன் மகனை வரச் சொல்லியிருக்கிறேன். "பேசறதுக்குங்களா மாமா?" என்று கேட்டான். பார்ப்பதற்கு என்றேன். இன்னொரு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறேன். கூரைக்கு அளவெடுக்க ஆள் வந்த நாளில் சொல்லாததை முதலில் அவனிடம் சொல்வேன், ஒரே வரியில். பிறகு வாய் திறக்கமாட்டேன்.

இதை என் வலக்கை எழுதிக்கொண்டிருக்கிறது. இடக்கை மடியில் கிடக்கிறது. காலையில் மலர் மூடிய நேரத்தில் அந்தக் கையின் ஐந்து விரலும் தாமே கூடியிருக்கின்றன. எழுதத் தொடங்கியபின்தான் கண்டேன். அவற்றை நான் இன்னும் விரிக்கவில்லை.

உன் தம்பி