நான் எழுதிய மூன்றாம் நிபந்தனை

1. இதை எழுதுபவர் செபஸ்தியாம்பிள்ளை யோசெப். முன்னர் மன்னாரில் சட்டத்தரணி, இப்போது கனடாவில் மொன்றியல் வில்லரேயில் வசிப்பவர், உன் தந்தை.

2. இதைப் பெறுபவர் கல்கரியில் தனியே வசிக்கும் என் மகள் றொசானா.

அன்பு மகளுக்கு, ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமென்று எழுதியிருந்தாய், அதை இனி நான் நம்புவதாக இல்லை. வேலைத்தலத்து ஆள் ஒருவன் பேருந்து வரை பின்னால் வருகிறான் என்று நீ மாசியில் சொன்னபோது, ஆரவாரம் செய்யாதே, திகதியும் நேரமும் இட்டு எழுதிவை என்றவன் நானே. இப்போது பதினொரு தடவையாம், கடைசித் தடவை கைப்பையைப் பிடித்து இழுத்தானாம். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று அம்மா கேட்டதற்கு, அப்பா எழுதச் சொன்னவர், எழுதிக்கொண்டிருக்கிறன், இன்னும் ஆதாரம் காணாதெண்டுவார் என்றாயாம். கோபம் உன் மீதா என் மீதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்கு இது தெரியவந்ததே இன்றுதான். கோயில் கீழ்மண்டபத்தில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடக்கிறது. அதற்கான அனுமதிப் பத்திரத்தை வரைந்தவன் நான். மேலே ஆலயப் பீடத்தில் நற்கருணை இருப்பதால், பங்குபற்றுவோர் குரல் உயர்த்தலாகாது என்று மூன்றாம் நிபந்தனை இட்டேன். வகுப்புத் தொடங்கி ஐந்து கிழமையாக எல்லோரும் கீழ்ப்படிந்திருக்கிறார்கள். இன்று அங்கே பழகும் அம்மாவைக் கூட்டிவரப் போனால், பயிற்றுகின்ற வினோஜா கையைப் பிடித்து முறுக்க, அம்மா மெல்ல, விடும் பிள்ளை, நோகுது என்கிறாள். அன்ரி, கள்ளனுக்கும் இப்பிடித்தான் மரியாதையாச் சொல்லுவீங்களோ, கத்தினாத்தானே நாலு பேர் வருவினம், எந்த மகராசன் இந்தச் சட்டம் எழுதினது என்று வினோஜா வெடித்தாள். அம்மா என்னைக் காட்டி, இவர்தான், மகளுக்கும் இதைத்தான் சொல்லிவைச்சவர் என்று உன் கதை முழுவதையும் அங்கேயே கொட்டினாள். நான் அந்த நிபந்தனையை வெட்டி ஒப்பமிட்டேன். வினோஜா உடனே என் மணிக்கட்டைப் பிடித்தாள். நீதிமன்றத்தில்கூட குரல் உயர்த்தாத நான், விடு என்று கத்தினேன். மேலே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் படியால் ஓடி இறங்கி வந்தார்கள்.

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. ஆகவே இதைப் படமெடுத்து இப்போதே அனுப்புகிறேன். குறிப்பேடு நடந்ததை நிறுவும், நடக்கப்போவதை நிறுத்தாது. என் முந்தைய ஆலோசனையை இத்தால் மீளப்பெறுகிறேன். நாளைக் காலை அந்தப் பதினொரு குறிப்புகளையும் மேலாளரிடமும் பொலிசாரிடமும் கொடு, பன்னிரண்டாம் தடவைக்குக் காத்திராதே. அவன் கிட்ட வந்தால் கத்து. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். காவல் தூதர் உன்னோடு நடக்கட்டும். இதை வாசித்ததும் அம்மாவுக்கு அழைப்பு எடு.

(ஒப்பம்) செ. யோசெப்

சாட்சிகள், நான் கத்தியதைக் கேட்டவர்கள்:
எலிசா, உன் தாய்
வினோஜா, பயிற்றுநர்
றெனோல்ட், கையில் செபமாலையுடன் முதலில் ஓடி வந்தவர்