அழாத பிள்ளை

அன்புள்ள மாமாவுக்கு,

தேன்மொழி எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆனேக்கலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டட ஆட்களின் பிள்ளைகளை ஷெட்டில் பார்த்துக்கொள்ளும் வேலை என்பதால் வெயில்கூடப் படுவதில்லை.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். சித்தாள் ரேணுகாவின் மகனுக்கு ஒன்றரை வயது. டீயில் நனைத்த பன்தான் மூன்று வேளையும். உட்காரவைத்த இடத்திலேயே இருப்பான். "எம்புள்ள தங்கம், அழவே மாட்டான்" என்பாள். நானும் மற்ற பிள்ளைகளுக்கு அவனைக் காட்டி, சமத்தைப் பார் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வந்த நர்ஸ் அவன் மேல்கையில் கலர் பட்டையைச் சுற்றினார். சிவப்பில் நின்றது; உடம்பில் சத்தே இல்லை என்று அர்த்தமாம்.

"இது சமத்து இல்லம்மா. அழறதுக்கு இவனுக்குத் தெம்பு இல்ல" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவன் போன பிறகும் ஷெட்டில் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை.

உங்களிடம் விட்டுவந்த என் மகளைப் பற்றிப் போன வாரம் போனில் நீங்கள், "பாப்பா இப்பல்லாம் அழறதே இல்ல, பழகிட்டா" என்றீர்கள். நான் சந்தோஷப்பட்டேன், மாமா.

அவளுக்கு டீயும் பன்னும் வேண்டாம். சோற்றைக் குழைத்து, முட்டையும் எண்ணெயும் சேர்த்து ஊட்டுங்கள். அவள் மேல்கையைச் சுற்றி ஒரு நூலை அளந்து வெட்டி, இந்தக் கடிதம் கொண்டுவரும் மேஸ்திரி தசரதனிடமே கொடுத்தனுப்புங்கள்; நர்ஸின் பட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். அவளுடைய துவைக்காத சட்டை ஒன்றும் வேண்டும்.

பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். அப்போது பாப்பா அழுதால் சமாதானப்படுத்தாதீர்கள். நான் கேட்க வேண்டும்.

தேன்மொழி